நாற்பது லேபிள்கள்

நவம்பர் 4, திங்கள்

இந்த டைரி கையெழுத்துப் போட்டியில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு. போன வருஷத்து டைரி என்பதால் கிழமைகளை அடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். தினமும் ஒரு பக்கம் எழுதினால் கையெழுத்து நிலைத்து நிற்கும் என்று தமிழ் டீச்சர் சொன்னார். என் கையெழுத்து எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை. ஆனாலும் ஓசியில் வந்ததை வீணாக்க மனசில்லை.

என் பெயர் செண்பகம். பன்னிரண்டாம் வகுப்பு, அறிவியல் பிரிவு. வகுப்பில் இருபத்தாறு பேர், எல்லாரும் பெண்கள். வேதியியல் டீச்சர் ஆகஸ்டில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. வேதியியல் பீரியடில் பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் நின்று சத்தம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார். அது ஒன்றுதான் எங்களுக்கு நடக்கும் வேதியியல்.

மிச்சத்தை மாரிச்செல்வி நடத்துகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சு, ஒரே தெரு. புத்தகத்தை ஒரு தரம் வாசித்துவிட்டுப் பலகையில் போட்டுக் காட்டுவாள். பின் பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து கேட்பார்கள். பார்மசி படித்து வெள்ளைக் கோட்டு போட வேண்டும் என்பது அவள் ஆசை. எழுத்து மட்டும் கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கணக்கெல்லாம் அவள் எனக்குப் போட்டுத் தருவாள். ரெக்கார்டு நோட்டை இரண்டு பேருக்கும் நான் எழுதுவேன். பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒரே ஆள் எழுதியது என்று உடனே சொல்லிவிடுவார்கள், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

அம்மா பீடி இலை வெட்டக் கூப்பிடுகிறாள். கத்தரியைத் தொட்டாலே பேனா பிடிக்கிற விரல் வலிக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு ஆய்வு வருகிறதாம். எச்.எம். டீச்சர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆகஸ்டிலிருந்து பூட்டிக் கிடக்கும் வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து ஒழுங்குபடுத்த வேண்டும், போத்தல்களின் லேபிள்களையெல்லாம் பூச்சி அரித்துவிட்டது, புதிதாக எழுதி ஒட்ட வேண்டும், இந்தப் பள்ளியிலேயே உன் எழுத்துதான் எழுத்து என்றார். மாரிச்செல்வியையும் கூட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவளுக்கு அங்கே என்ன வேலை, லேபிளில் எழுதத்தானே போகிறோம் என்றார். அது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. எப்போதும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

நவம்பர் 13, புதன்

காலை முதல் ஆய்வகத்தில்தான் இருந்தேன். தங்கபுஷ்பம் அக்கா கதவைத் திறந்துவிட்டார். அவர் ஆய்வக உதவியாளர். பெற்றோர் ஆசிரியர் கழகம் தற்காலிகமாக வைத்த ஆள், பத்து வருஷமாகத் தற்காலிகம். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வழக்கம்போல் சத்துணவுக் கூடத்துக்குப் பரிமாறப் போய்விட்டார். திரும்பி வரும்போது மணி இரண்டு.

நான் முதலில் பழைய லேபிள்களை இடமிருந்து வலமாக வாசித்து ஒரு தாளில் பட்டியல் எடுத்துக்கொண்டேன். பிறகு போத்தல்களைத் தரையில் இறக்கி, ஈரத் துணியால் தேய்த்துப் பழைய காகிதத்தைச் சுரண்டி எடுத்தேன். அலமாரியைத் துடைத்து மறுபடி ஏற்றினேன். பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் புது லேபிள் எழுதி ஒட்டினேன். கடைசி இரண்டு போத்தல்களுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்து ஒட்டிவிட்டேன்.

நாற்பதும் முடிந்தது.

நவம்பர் 15, வெள்ளி

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஆய்வகத்துக்குள் இரண்டு நிமிடம் இருந்தார். அலமாரியைப் பார்த்து இது அச்சடித்ததா என்று கேட்டார். எச்.எம். டீச்சர் என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். வேதியியல் டீச்சர் ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

மாரிச்செல்வி மட்டும் அலமாரியின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசித்தாள். அவளுக்கு அது கோயிலுக்குள் போன மாதிரி. "ஏட்டி, இதெல்லாம் ஒருநா நம்ம கையால தொட்டுச் செய்வோமா?" என்று கேட்டாள். செய்யாமல் எங்கே போகப்போகிறோம் என்றேன்.

நவம்பர் 26, செவ்வாய்

மழை. பீடி இலை நமுத்துப்போய்விட்டது. அடுப்புப் பக்கத்தில் பரப்பிக் காய வைத்தோம். படிக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

ஒரு வழியாக ஆள் வந்துவிட்டது. பக்கத்து ஊர் ஆண்கள் பள்ளியிலிருந்து சுடலைமணி சார் வாரம் இரண்டு நாள் இங்கே வருவாராம். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு என்பதால் முதலில் செய்முறை, மற்றதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஆய்வகம். மாரிச்செல்வி இப்போதே செய்முறையை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். பிப்பெட்டால் இருபது மில்லி பெரஸ் சல்பேட் கரைசலை எடுத்துக் கூம்புக் குடுவையில் விட வேண்டும். ஒரு சோதனைக்குழாய் அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிலையான வெளிர் இளஞ்சிவப்பு வந்தால் முடிந்தது. அந்த இளஞ்சிவப்பு எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

டிசம்பர் 5, வியாழன்

மாரிச்செல்விக்கு அடிபட்டுவிட்டது.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

முதல் மேஜை எங்களுடையது. சார் அடுத்த மேஜைக்குப் பியூரெட்டை மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாரிச்செல்வி பெரஸ் சல்பேட்டைக் குடுவையில் விட்டாள். நீர்த்த கந்தக அமிலம் என்று எழுதிய போத்தலிலிருந்து ஒரு சோதனைக்குழாய் நிறைய ஊற்றிக்கொண்டு, அப்படியே குடுவைக்குள் கவிழ்த்தாள். நிறம் மாறுகிறதா என்று பார்க்கத்தான் குனிந்திருப்பாள். குடுவைக்குள் உலை கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. கொதித்து மேலே தெறித்தது. அவள் கத்தவில்லை. இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் தண்ணீர் என்று சார் அலறினார். ஆய்வகக் குழாயில் எப்போதுமே தண்ணீர் வராது. சத்துணவுக் கூடத்துக்கு ஓடி இரண்டு பேர் குடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். யாரோ என் விரல்களைப் பிரித்து எடுத்தார்கள்.

அது நீர்த்த அமிலம் இல்லை, அடர் அமிலம். அடர் அமிலத்தைத் தண்ணீரோடு சேர்த்தால் அப்படித்தான் கொதிக்கும். இரண்டு போத்தல்களும் மாறியிருக்கின்றன. அக்கா அலமாரியைத் துடைக்கும்போது இடம் மாற்றி வைத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 7, சனி

விடுமுறை என்றாலும் கூப்பிட்டு அனுப்பினார்கள். எச்.எம். டீச்சர் அறையில் சுடலைமணி சாரும் இருந்தார். லேபிள் ஒட்டியபோது கூட யார் இருந்தது என்று கேட்டார்கள். தங்கபுஷ்பம் அக்கா இருந்தார் என்றேன். போத்தலை யார் இடம் மாற்றியது என்று கேட்டார்கள். அக்கா அலமாரியைத் துடைத்தார் என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பிறகு எச்.எம். டீச்சர் ஒரு முழுத் தாளை என் முன்னால் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். மேலே அனுப்புகிற அறிக்கை, சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால் என்று வந்த இடத்தில் பேனா நின்றது. மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டு அவர் தன் பேனாவைக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்றரைப் பக்கம். கடைசியில் சாட்சியாக என் கையெழுத்தையும் போடச் சொன்னார்.

டிசம்பர் 9, திங்கள்

தங்கபுஷ்பம் அக்கா வரவில்லை. இனி வரமாட்டாராம். அவர் அடித்துவந்த பள்ளி மணியை அடிக்க வேறு ஆள்.

டிசம்பர் 17, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு, வேதியியல். கந்தக அமிலத்தின் இயற்பியல் பண்புகள் என்று ஒரு கேள்வி வந்தது. நிறமற்றது, மணமற்றது, எண்ணெய் போன்றது, அடர்த்தி 1.84, அதாவது தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. எழுதாமல் விட்டுவிட்டேன்.

டிசம்பர் 21, சனி

மதியம் தங்கபுஷ்பம் அக்கா வீட்டுக்கு வந்தார். அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கோபமாக எதுவும் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் அந்த நேரம் சத்துணவுலல்லா நின்னேன். வாளிய வச்சிட்டுப் போனத நீ பாத்தியேம்மா. எச்.எம். டீச்சர்ட்ட அத மட்டும் ஒரு வார்த்த சொல்லு. வேற ஒண்ணும் நீ சொல்லாண்டாம்."

சொல்லுகிறேன் அக்கா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போதுதான் தண்ணீரைக் குடித்தார்.

அவர் தெரு முனை திரும்புகிற வரைக்கும் அம்மா பீடி சுற்றிக்கொண்டேயிருந்தாள். பிறகு முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ ஒண்ணும் போய்ச் சொல்லாண்டாம். பரீச்ச எழுதுத வழியப் பாரு" என்றாள். அம்மாவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போது வரை கேட்கவும் இல்லை.

ஜனவரி 4, சனி

மாரிச்செல்வியைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். இடது கண் போய்விட்டது. நெற்றியிலிருந்து கன்னம் வரை தோல் வேறு நிறத்தில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. கழுத்தில் சொட்டு சொட்டாகத் தழும்பு. நான் உள்ளே போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. எந்தப் பாடம் வரைக்கும் போயிருக்கிறது என்று கேட்டாள்.

வலது கண்ணை அதிக நேரம் உபயோகிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நான் வந்து வாசித்துக் காட்டட்டுமா என்றேன். அவள் அம்மா என் தலையில் கை வைத்து, கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று அழுதார். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

ஜனவரி 7, செவ்வாய்

பள்ளி விட்டதும் நேராக அவள் வீடு. அரை மணி நேரம் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். நான் ஒரு சமன்பாட்டைத் தப்பாக வாசித்ததும் பிடித்துவிட்டாள். மார்ச் தேர்வுக்கு எப்படியும் வந்துவிடுவேன் என்கிறாள். அவள் அப்பா வெளியே நின்று, இனிமேல் என்ன பரீச்சை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஜனவரி 13, திங்கள்

மின்வேதியியல் முடிந்தது. ஒரு வாரமாகப் பழையபடி ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது. இன்று என் கணக்கு ஒன்றை மனசிலேயே போட்டு விடை சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போது அவளுக்குக் கன்னத்துத் தோல் வலிக்கிறது.

எச்.எம். டீச்சரிடம் இன்னும் பேசவில்லை. பொங்கல் விடுமுறை முடியட்டும்.

ஜனவரி 22, புதன்

இன்று செய்முறைப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள். வேண்டாம் என்றேன். எடுக்கச் சொன்னாள். பெரஸ் சல்பேட் பக்கத்தை வாசித்தேன். ஒரு சோதனைக்குழாய் அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்க்க வேண்டும் என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். வெளியே அவள் அம்மா ஆட்டுக் குட்டியை விரட்டும் சத்தம் கேட்டது.

"நான் ஊத்தும்போது கனமாத்தான் இருந்துச்சு. நெறைய இருக்குன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "லேபிள் ஒட்டும்போது நீ தூக்குனியே செண்பகம். அப்பயும் கனமா இருந்துச்சா?"

என்னை அவள் ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

ஞாபகம் இல்லை என்றேன்.

சரி, நீ போ, தலை வலிக்கிறது என்றாள்.

ஜனவரி 23, வியாழன்

போகவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

போகவில்லை. இலை வெட்டினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

நவம்பர் 13-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். அக்கா வாளியை வைத்துவிட்டுச் சத்துணவுக் கூடத்துக்குப் போனதை என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். அலமாரியைத் துடைத்தது நான் என்றும் எழுதியிருக்கிறேன். டிசம்பர் 6-ஆம் தேதி இதே டைரியில் அக்கா துடைத்தார் என்று எழுதியபோது, சில தாள் முன்னால் புரட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. யாரும் படிக்காத டைரியில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

உள்ளதை எழுதுகிறேன். போத்தல்களை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்து ஏற்றியிருக்க வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கிவிட்டேன். லேபிள்களையெல்லாம் சுரண்டிய பிறகு பார்த்தால் அடரும் நீர்த்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரிப் போத்தல், இரண்டிலும் பாதி அளவு, இரண்டும் தண்ணீர் நிறம். எது எது என்று தெரியவில்லை. இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்று நல்ல கனம். பாதிப் போத்தல் இவ்வளவு கனக்கிறதே என்று தோன்றியது. அடர்த்தி 1.84 என்று மாரிச்செல்வி அக்டோபரில் பலகையில் எழுதிப் போட்டது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை, வந்தது. பட்டியலில் முதலில் இருந்தது நீர்த்தது. கைக்கு முதலில் வந்தது கனமான போத்தல், கனத்தை விட்டுவிட்டுப் பட்டியல் வரிசையையே நம்பினேன். ஒரு காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் போதும், கருத்திருந்தால் அடர். மாரிச்செல்வியைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அவளைக் கூப்பிட்டால் நான் குழப்பிவிட்டேன் என்று தெரிந்துவிடும். அன்றைக்கு ஒரு நாளாவது அவள் இல்லாமல் ஒரு வேலையை நானே முடித்தேன் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆய்வுக்குத்தானே, யார் ஊற்றப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். ஒட்டிவிட்டேன்.

இதையே ஒரு தாளில் எச்.எம். டீச்சருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 28, செவ்வாய்

கடிதத்தைக் கொடுத்தேன். எச்.எம். டீச்சர் நின்றபடியே வாசித்தார், பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இன்னொரு தரம் வாசித்தார். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன்.

அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, டிசம்பரில் நான் எழுதிய அறிக்கையின் நகலை என் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "பாரு. ரெண்டும் ஒரே கையெழுத்து. அறிக்கைல நீதான் சாட்சி, கடிதத்துல நீதான் குற்றவாளி. யாரு எத நம்புவா?" அவர் குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன மாதிரிதான் பேசினார். அறிக்கை மேலே போய்விட்டது, விசாரணை முடிந்துவிட்டது, தங்கபுஷ்பம் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி, இப்போது கிளறினால் உனக்குப் பரீச்சை போகும், எனக்கு ஓய்வூதியம் போகும், மாரிச்செல்விக்குக் கண் வராது என்றார்.

கடிதத்தை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். போய் செய்முறைக்குப் படி என்றார்.

வெளியே வந்தபோது எனக்கு மூச்சு லேசாக வந்தது. சொல்லியாகிவிட்டது, இனி என் கையில் இல்லை என்று நினைத்தேன். மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

மாரிச்செல்வியின் அம்மா வந்து ரெக்கார்டு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்காக நான் எழுதிய நோட்டு. இனி அவளுக்கு வேண்டாமாம். ஆய்வகத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாளாம், தேர்வே எழுதவில்லையாம். ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை, உங்களுக்குள் சண்டையா என்று என்னைக் கேட்டார். படிப்பு அதிகம் என்றேன்.

அவர் போன பிறகு நோட்டைப் புரட்டினேன். பெரஸ் சல்பேட் பக்கத்தில், என் எழுத்துக்குக் கீழே, பென்சிலால் கோழி கிளறிய மாதிரி ஒரு வரி இருந்தது. ஒரு கண்ணால் எழுதியதால் கோட்டில் நிற்காமல் கீழே இறங்கிப் போயிருந்தது.

ஊற்றுமுன் தூக்கிப் பார்க்கவும்.

பிப்ரவரி 6, வியாழன்

செய்முறைத் தேர்வு. அமிலங்களையெல்லாம் சுடலைமணி சார் தானே சரிபார்த்து மாற்றி ஊற்றி வைத்திருந்தார். போத்தல்களில் லேபிள் அதேதான். எதற்கு நல்ல லேபிளைக் கிழிக்க வேண்டும் என்று விட்டுவிட்டாராம். தேர்வு எண்களை வாசித்தபோது மாரிச்செல்வியின் எண்ணுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வராதவர் என்று குறித்துக்கொண்டார்கள்.

எனக்கு வந்தது அதே பெரஸ் சல்பேட். நீர்த்த கந்தக அமிலம் என்று என் கையெழுத்தில் எழுதிய போத்தலைத் தூக்கினேன். லேசாகத்தான் இருந்தது. அப்படியும் சோதனைக்குழாயில் பாதிதான் ஊற்ற முடிந்தது. மிச்சத்தைச் சார் வந்து ஊற்றிவிட்டுப் போனார். பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒவ்வொரு சொட்டும் விழுந்து விழுந்து மறைந்தது. கடைசியில் ஒன்று மறையாமல் நின்றது. நிலையான வெளிர் இளஞ்சிவப்பு. அவள் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். இவ்வளவு வெளிறிய நிறமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வயதான டீச்சர், நல்ல மாதிரி. அலமாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு லேபிள் எல்லாம் யார் எழுதியது என்று கேட்டார். மற்றவர்கள் அவரவர் பியூரெட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சுடலைமணி சார் என் பக்கம் கையைக் காட்டினார். "எங்க பள்ளிக்கூடத்துக்கும் ஒரு செட்டு எழுதித் தாரியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து வெற்று லேபிள் தாளை எடுத்துக் கொடுத்தார். நாற்பது லேபிள். அங்கேயும் பூச்சி அரித்துவிட்டதாம்.

எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வந்தது. எச்.எம். டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சரி டீச்சர் என்றேன்.

இருபதுக்கு இருபது போட்டிருக்கிறார்கள் என்று போகும்போது சார் காதோடு சொன்னார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையிலிருந்து லேபிள் எழுதினேன். முப்பத்தெட்டு வரை கை பாட்டுக்கு ஓடியது. கடைசி இரண்டை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றில் அடர் கந்தக அமிலம் என்று எழுதி, அதன் கீழே சின்னதாக, கனமாக இருக்கும், ஊற்றுமுன் தூக்கிப் பார்க்கவும் என்று எழுதினேன். நீர்த்ததற்கும், கனமாக இருந்தால் ஊற்ற வேண்டாம் என்று எழுதினேன். இடம் போதாமல் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. என் கையெழுத்து இவ்வளவு அசிங்கமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் கொஞ்சம் மனசு ஆறியது. எங்கோ ஒரு பள்ளியில் ஒருத்தி தூக்கிப் பார்ப்பாள்.

பிப்ரவரி 10, திங்கள்

அந்த டீச்சரிடம் சேர்க்கச் சொல்லி லேபிள்களைச் சுடலைமணி சாரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசி இரண்டில் நின்றார். என்னை ஒரு தரம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது, புரிந்ததை முகத்தில் பார்த்தேன். பிறகு அந்த இரண்டையும் தனியாக எடுத்துக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "பாக்க லெச்சணமா இல்லம்மா. பேர மட்டும் எழுதிக் குடு" என்றார்.

இரண்டு வெற்று லேபிள்களை மேஜை மேல் வைத்தார். நின்றுகொண்டே எழுதிக் கொடுத்தேன்.

நாற்பதும் முடிந்தது.